கருவாடு இல்லாத கடற்கரை

சென்ற மாதம் உத்திரமேரூரிலிருந்து குடும்பத்தோடு மாமல்லபுரம் சென்று, கடலோர விடுதியொன்றில் இரண்டு நாள் தங்கினோம். பஃபே மேசையில் பாஸ்தாவும் பன்னீரும் முள் நீக்கிய வெளியூர் மீனும் வரிசையாக இருந்தன. நன்றாகவே உண்டோம், அதை மறைப்பதற்கில்லை. ஆனால் வேலிக்கு அப்பால் மணலில் நெத்திலி காய்ந்துகொண்டிருந்தது. அதில் ஒன்றுகூட எங்கள் தட்டுக்கு வரவில்லை. தயங்கிக் கேட்டபோது, ‘வாடை வரும் சார், மற்றவர்கள் விரும்பமாட்டார்கள்’ என்றார் பரிமாறியவர். அதற்குமேல் கேட்க நாங்களும் கூசினோம்.

சிறுபாணாற்றுப்படை பாடிய நல்லூர் நத்தத்தனாருக்கு அந்த வாடை குறையாகத் தோன்றவில்லை. நல்லியக்கோடனை நாடிச் செல்லும் பாணனுக்கு எயிற்பட்டினத்தில் கிடைப்பது தேறலும், சுட்ட உலர்மீனுமே. கடற்கரைக்கு வந்தவனுக்குக் கடற்கரையின் உணவு, அதுவே விருந்து.

குற்றம் விடுதியினுடையது மட்டுமன்று. உத்திரமேரூர்க் கடைத்தெருவில் வாங்கும் கருவாட்டை நாமே செய்தித்தாளில் சுற்றிப் பையின் அடியில் ஒளிக்கிறோம். வகுப்பில் நெய்தல் திணையைப் பெருமையோடு நடத்துகிறோம். அதன் வாடைக்கு மட்டும் நாணுகிறோம். நாம் கூசாமல் கேட்கத் தொடங்கினால், விடுதி மேசைக்கும் ஒருநாள் கருவாட்டுக் குழம்பு வந்து சேரும்.