ஒரு கதவு, மூன்று உண்டியல்கள்



நம் புதுவையில் பழைய வீடொன்று இடிபடும்போது முதலில் விலைபோவது அதன் தேக்கு மரமே. தூண்களும் நிலைக்கதவுகளும் பழம்பொருள் வணிகரிடம் சென்று, பின்னர் விடுதிகளின் அலங்காரமாகின்றன. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் செட்டிநாட்டு வீடுகளின் பொருள்கள் துண்டுதுண்டாக விற்கப்படுவதைக் கண்டோர் இதனை அறிவர்.

சென்ற ஆண்டு நம் பங்கிலும் அவ்வாறு ஒரு வீடு விற்கப்பட்டது. குடும்பத்தாரின் இசைவுடன் இதனை எழுதுகிறேன். சகோதரர் மூவர், பாகப்பிரிவினையில் நேர்ந்த மனத்தாங்கலால் ஒருவரோடொருவர் பேசுவதில்லை. எண்பதைக் கடந்த தாயார், சாமான் அறையின் கதவை மட்டும் தமக்கெனக் கேட்டார். அந்த அறையின் அரிசிப் பானையில் அவர் ஒளித்துவைத்த காசே மூவருக்கும் பள்ளிக் கட்டணமாயிற்று.

அக்கதவைத் தச்சர் ஒருவர் மூன்று உண்டியல்களாக்கினார். ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். பழைய வண்ணப்பூச்சில் ஈயம் இருக்கக்கூடும். ஆதலால் பிள்ளைகளை அப்பால் அனுப்பிவிட்டு, நனைத்துச் சுரண்டினார். பல்லாண்டுகள் காய்ந்து இறுகிய மரம் எளிதில் கோணாது. பத்து ரூபாய் நாணயத்தின் குறுக்களவு 27 மில்லிமீட்டர். எனவே காசு போடும் துளையை 30 மில்லிமீட்டர் நீளத்தில் அமைத்தார். மண் உண்டியலை உடைத்தே காசெடுக்க வேண்டும். இதற்கோ பழைய கீல்களைக் கொண்டே அடியில் ஒரு சிறு கதவு வைத்தார்.

இத்தகைய கைவேலை அமெரிக்காவிலும் உண்டு. அங்குத் தபால் நிலையங்களில் வாடகைக்கு விடப்பட்ட கடிதப் பெட்டிகளின் பித்தளைக் கதவுகள், புதியவை வந்தபோது கழிக்கப்பட்டன. அவற்றை மரப்பெட்டிகளின் முகப்பில் பொருத்தி உண்டியல்களாக்கினர். பூட்டின் எழுத்துகளைச் சரியாகத் திருப்பத் தெரிந்தவரே அவற்றைத் திறக்க இயலும்.

நம் தாயாரின் உண்டியல்களுக்கும் ஒரு பூட்டு இருந்தது. அது அவர் விதித்த நிபந்தனை. மகன் வீட்டுக்கு ஒன்றாக மூன்றையும் கொடுத்து, முதற்காசைத் தாமே இட்டார். கிறிஸ்துமஸ் மாலையில் மூன்றையும் தம் முன்னிலையில் ஒன்றாகத் திறக்க வேண்டும். சேர்ந்தது ஓர் ஏழைப் பிள்ளையின் கல்விக்குச் செல்ல வேண்டும் என்றார். கைப்பேசியிலேயே பணம் செலுத்தக் கண்டு வளர்ந்த பேரக்குழந்தைகள், காசு விழும் ஓசைக்காகவே நாள்தோறும் தந்தையரை நச்சரித்தனர்.

குறித்த மாலையில் மூவரும் வந்தனர். முகம் பாராமல் அமர்ந்து காசுகளை எண்ணினர். மூத்தவர் ஓரிடத்தில் எண்ணிக்கை தவறினார். இளையவர் தம்மையறியாமல், "நாற்பத்திரண்டு, அண்ணா" என்றார். நெடுநாளைக்குப் பின் அவர்களிடையே பிறந்த முதற்பேச்சு அது. முழுச் சமாதானம் வந்துவிட்டதெனச் சொல்லமாட்டேன். ஆயினும், அடுத்த கிறிஸ்துமசுக்கும் வருவதாக மூவரும் தாயாரிடம் ஒப்புக்கொண்டனர்.

அன்பர்களே, வீட்டை விற்க நேர்வது குற்றமன்று. ஆனால் விலை பேசுமுன், உங்கள் பிள்ளைகளுக்கென ஒரு பலகையையேனும் எடுத்து வையுங்கள். வீட்டைப் பங்கிடலாம், அவ்வீட்டில் நம்மை வளர்த்த அன்பைப் பங்கிட இயலுமோ?