கூட்டமாக வாழும் சின்ன மீன்கள்



பிள்ளைகளுக்காக மீன் தொட்டி வாங்கி, மீன்கள் ஒவ்வொன்றாய்ச் செத்துப்போக, வெறுந்தொட்டியைக் கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! நானும் அதில் ஒருத்திதான்.

எங்கள் தம்பலகாமத்தில் வயல் வாய்க்காலில் மீன்குஞ்சு பிடித்துப் போத்தலில் வளர்த்துப் பார்க்காத பிள்ளைகள் குறைவு. என் மகளும் அப்படித்தான் தொடங்கினாள். பிறகு கண்ணாடித் தொட்டி வேண்டுமென்று அடம்பிடித்தாள். திருகோணமலைக்குப் போய் வாங்கினோம். "இதில் ஒன்று, அதில் ஒன்று" என்று ஐந்து நிறத்தில் ஐந்து மீன்களைத் தெரிந்தாள். அன்று மாலையே தண்ணீர் நிரப்பி விட்டோம். பத்தாம் நாள் ஒன்றும் மிஞ்சவில்லை. பிள்ளை இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவும் இல்லை.

இரண்டு பிழைகள் விட்டிருக்கிறேன் என்பது பிறகுதான் விளங்கியது.

மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சும் தீனியிலிருந்தும் அமோனியா உண்டாகிறது. அது மீனுக்கு நஞ்சு. அதைக் கெடுதல் குறைந்த பொருளாக மாற்றும் பக்ரீரியாக்கள் புதுத் தொட்டியில் பெருக நாலு முதல் ஆறு வாரம் பிடிக்கும். அதுவரை மீன் விடாமல், வடிகட்டியை ஓடவிட்டு, நாளுக்கு ஒரு சிட்டிகை தீனி மட்டும் போட்டுவர வேண்டும். ஏற்கனவே மீன் வளர்ப்பவர் வீட்டு வடிகட்டிப் பஞ்சில் ஒரு துண்டு கிடைத்தால் காலம் குறையும். அந்தப் பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் கழுவாதீர்கள். குளோரின் பக்ரீரியாவைக் கொன்றுவிடும். தொட்டியில் எடுத்த தண்ணீரிலேயே அலசுங்கள். துப்புரவில் கெட்டிக்காரிகளான நாம்தான் இந்த இடத்தில் தவறுகிறோம்.

அடுத்தது, துணை. கூட்டமாக வாழும் மீனைத் தனியே விட்டால் பயந்து மூலையில் ஒதுங்கும், நிறம் மங்கும், தீனி எடுக்காது. சிலது மற்ற மீன்களின் செட்டையைக் கடிக்கும். ஐந்து இனத்தில் ஒவ்வொன்று விட்டால் ஐந்தும் தனிமைதான். ஒரே இனத்தில் ஆறாவது வேண்டும்.

இரண்டாம் தடவை நான் தெரிந்தது செரி பாப். இது நம் நாட்டுக்கே உரிய மீன். தென்மேற்கின் நிழலான சிற்றோடைகளில் வாழ்வது. 1929இல் தெரணியகல என்ற அறிஞர் இதை விபரித்துப் பெயரிட்டார். இன்று உலகெங்கும் தொட்டிகளில் வளர்கிறது. ஆனால், நம் ஓடைகளில் அருகிவருகிறது. அதனால் பண்ணையில் பெருக்கிய மீனா என்று கேட்டு வாங்குங்கள். ஐந்து சென்ரிமீற்றருக்கு மேல் வளராது, சண்டை பிடிக்காது. ஆணுக்கு இரண்டு பெண் என்று விட்டால் ஆண் நன்றாகச் சிவந்து அழகு காட்டும்.

இரண்டடி நீளத் தொட்டி போதும். வெயில் படாத இடம், கொஞ்சம் நீர்ச்செடி, இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு தீனி. கிழமைக்கு ஒருமுறை காற்பங்கு தண்ணீர் மாற்றினால் சரி. குழாய்த் தண்ணீரென்றால் வாளியில் ஒருநாள் திறந்து வைத்து ஊற்றுங்கள்.

வளர்க்க அலுத்துப்போனால் வாய்க்காலிலோ கந்தளாய்க் குளத்திலோ விட்டுவிடாதீர்கள். தொட்டி துப்புரவாக்கும் மீன் என்று கொண்டுவந்து, பெருத்ததும் வெளியே விடப்பட்டவை நாட்டின் பல நீர்நிலைகளில் பெருகி மீனவரின் வலைகளைக் கிழிக்கின்றன. கடைக்காரர் திருப்பி எடுப்பாரா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் தொட்டி வைத்திருக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுங்கள்.