அக்காவின் கையைச் சுட்டது கதிர் அல்ல

என் அக்காவுக்கு வயது 76. கும்பகோணத்தில் தனியாக இருக்கிறாள். மகன் அமெரிக்காவில். நான்கு வருடங்களுக்கு முன் லீவில் வந்தவன், அம்மா அடுப்படியில் நின்று கஷ்டப்படக் கூடாது என்று ஒரு மைக்ரோவேவ் அடுப்பை வாங்கி வைத்துவிட்டுப் போனான். அக்கா அதற்கு ஒரு குரோஷா உறை பின்னிப் போட்டு, மேலே ஒரு மண் பிள்ளையாரையும் வைத்துவிட்டாள். அடுப்பு ஷோகேஸ் ஆகிவிட்டது.

போன மார்கழியில் ஒரு நாள் காலையில் கேஸ் தீர்ந்துவிட்டது. காபி குடிக்காமல் அவளால் இருக்க முடியாது. பிள்ளையாரை இறக்கிவிட்டு, கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி உள்ளே வைத்து இரண்டு நிமிடம் ஓட்டினாள். திறந்து பார்த்தால் தண்ணீரில் ஒரு குமிழிகூட இல்லை. இன்னும் இரண்டு நிமிடம் வைத்தாள். அப்போதும் தண்ணீர் அசையாமல் இருந்தது. சரி, இது இவ்வளவுதான் சுடும்போல என்று டம்ளரை எடுத்து மேடையில் வைத்து ஒரு ஸ்பூன் இன்ஸ்டன்ட் காபித்தூளைப் போட்டாள். உடனே சீறிக்கொண்டு பொங்கிப் பாதித் தண்ணீர் வலது கையில் கொட்டிவிட்டது.

இனிமேல்தான் எனக்குக் கோபம் வந்த கதை.

சாயங்காலத்துக்குள் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் பதினோரு செய்திகள். கதிர் அடித்துவிட்டதாம். மைக்ரோவேவ் தண்ணீர் ஊற்றினால் விதை முளைக்காதாம். கேன்சர் வருமாம். "அப்பவே சொன்னோமே" என்று நாலு பேர். மருமகனுக்கு அமெரிக்காவுக்கே போன் போட்டுத் திட்டியவர் ஒருவர். இவர்களில் ஒருவராவது "டம்ளர் எப்படி இருந்தது, தண்ணீர் எவ்வளவு நேரம் சூடாயிற்று" என்று கேட்டாரா? இல்லை.

நான் தொலைபேசித் துறையில் மைக்ரோவேவ் பிரிவில் 31 வருடம் குப்பை கொட்டியவன். நீங்கள் எஸ்டிடி போட்டு மெட்ராஸுக்குப் பேசியதெல்லாம் எங்கள் டவர் வழியாகத்தான் போயிற்று. அப்போதும் ஊரில் டவரைப் பார்த்துப் பயந்தார்கள். நாங்கள் அதன் காலடியில் உட்கார்ந்து டிபன் பாக்ஸ் திறந்தோம். ஆனால் டிரான்ஸ்மிட்டர் ஓடும்போது திறந்த குழாய்க்குள் கண்ணை வைத்துப் பார்க்கக் கூடாது என்பது எங்களுக்கு முதல் நாள் சொல்லிக்கொடுத்த பாடம். எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம் என்று தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

கதிர் என்ற ஒரே வார்த்தையில் எல்லாவற்றையும் போட்டுக் குழப்புகிறார்கள். எக்ஸ்ரே வேறு. அதற்கு அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கும் பலம் உண்டு. மைக்ரோவேவுக்கு அது கிடையாது. இது ரேடியோ அலையின் பங்காளி. இந்த அடுப்பு ஓடுவது 2450 மெகாஹெர்ட்ஸில். உங்கள் வீட்டு வைஃபையும் அதே தெருவில்தான் குடியிருக்கிறது. உணவில் உள்ள தண்ணீர் மூலக்கூறுகளை அலை இழுத்து ஆட்டுகிறது, அதில் சூடு வருகிறது. சுவிட்சை அணைத்தால் அலையும் நின்றது. பல்பை அணைத்த பிறகு அறையில் வெளிச்சம் தங்குமா? சாதத்திலும் அப்படித்தான், எதுவும் தங்காது.

கதவுக் கண்ணாடியில் பொடிப்பொடி ஓட்டை போட்ட தகடு தெரிகிறதல்லவா? அலையின் நீளம் 12 சென்டிமீட்டர். அந்த ஓட்டை ஓரிரு மில்லிமீட்டர். யானை வளையல் வழியாகப் போகாது. அமெரிக்க அரசு வைத்த வரம்பு, அடுப்பிலிருந்து 5 சென்டிமீட்டர் தூரத்தில் சதுர சென்டிமீட்டருக்கு 5 மில்லிவாட். இரண்டடி தள்ளி நின்றால் அதுவும் மிகமிகக் குறைந்துவிடும்.

சரி, அப்படியானால் அக்காவின் கை? அதில் எனக்கும் பங்கு உண்டு. அடுப்பு வந்த அன்று நான்தான் அவளுக்கு மேலே சொன்னதையெல்லாம் அரை மணி நேரம் பிரசங்கம் செய்தேன். டம்ளரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கேஸில் பாத்திரத்தின் அடி சுடுகிறது, அங்கிருந்து குமிழி கிளம்புகிறது. வழவழப்பான கண்ணாடி டம்ளருக்குள் தண்ணீர் மட்டும் சுட்டால் குமிழி கிளம்ப இடமில்லை. 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் சும்மா நிற்கும். ஸ்பூன் பட்டாலோ தூள் விழுந்தாலோ மொத்தமும் ஒரே நேரத்தில் பொங்கும். சுடவைக்கும் முன்பே ஒரு மரக் கரண்டியையோ குச்சியையோ உள்ளே போட்டுவிட்டால் இந்த வம்பு இல்லை. ஒருமுறை சுட்டதை மறுபடி சுட வைக்காதீர்கள். அடுப்பு நின்ற பிறகு ஒரு நிமிடம் தொடாமல் விடுங்கள்.

பக்கத்து வீட்டம்மா வேறு ஓடி வந்து கையில் டூத்பேஸ்ட் அப்பிவிட்டாள். டாக்டர் அதைத் துடைத்து எடுத்தபோதுதான் அக்கா கத்தினாளாம். சுட்ட கையைக் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும். ஐஸ் வேண்டாம், மை வேண்டாம், மாவு வேண்டாம். வீங்குவதற்கு முன் மோதிரம், வளையல்களைக் கழற்ற வேண்டும். அவள் மோதிரத்தை ஆசாரியிடம் கொண்டுபோய் வெட்டித்தான் எடுத்தோம். அது அத்திம்பேர் போட்டது.

கதிருக்குப் பயப்படும் இதே ஆட்கள் ஹோட்டல் சாம்பாரைப் பாலிதீன் பையோடு உள்ளே வைப்பார்கள். ஐஸ்கிரீம் டப்பாவில் குழம்பு சுடுவார்கள். அவித்த முட்டையைத் தோலோடு வைத்து வெடிக்க விடுவார்கள். தங்க ஜரிகை போட்ட பீங்கான் தட்டை வைத்துவிட்டு "ஐயோ, பொறி பறக்கிறது" என்பார்கள். கண்ணாடி, சாதாரணப் பீங்கான், இந்த அடுப்புக்கென்று குறி போட்ட பாத்திரம், இவை போதும். எவர்சில்வர் நம் உயிர், ஒப்புக்கொள்கிறேன், ஆனால் இதற்குள் வேண்டாம். ஓரம் கொதித்தும் நடு ஜில்லென்றும் இருக்கும், பாதியில் எடுத்துக் கிளற வேண்டும். நேற்றிலிருந்து மேடையிலேயே கிடந்த சாதத்தை இதில் வைத்தால் சரியாகிவிடும் என்றும் நினைக்காதீர்கள். அதில் ஊறிய நஞ்சு சில, சூட்டுக்கு அசையாது.

சுத்தம் என்று எடுத்தால் இன்னும் மோசம். நம் வீடுகளில் இதைத் துடைப்பது வருடத்தில் ஒரு நாள், ஆயுத பூஜைக்கு. அதுவும் வெளியே, சந்தனம் குங்குமம் வைக்க இடம் வேண்டுமே! உள்ளே போன தீபாவளியின் குருமா கூரையில் ஒட்டியிருக்கும். அது ஒவ்வொரு முறையும் கருகிக் கருகி ஒரு நாள் பொறி பிடிக்கும். பக்கச் சுவரில் அட்டை மாதிரி ஒரு மைக்கா தகடு இருக்கும். அழுக்கு என்று அதைப் பிய்த்து எறிந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். துடைக்கலாம், பிய்க்கக் கூடாது. கருகி ஓட்டை விழுந்தால் புதிது மாற்றச் சொல்லுங்கள்.

கிண்ணத்தில் பாதி தண்ணீர், நறுக்கிய எலுமிச்சம்பழம் ஒன்று, மறக்காமல் மரக் கரண்டி. மூன்று நிமிடம் ஓட்டி, கதவைத் திறக்காமல் ஐந்து நிமிடம் விடுங்கள். பிறகு பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஈரத்துணியால் துடைத்தால் ஊறின அழுக்கு தானாக வரும். கத்தி, கம்பி நார் ஆகாது. கதவு விளிம்பைத்தான் முக்கியமாகத் துடைக்க வேண்டும். அங்கே காய்ந்த சாதம் ஒட்டிக் கதவு சரியாகப் படியவில்லை என்றால் அப்போது நீங்கள் கதிரைப் பற்றிப் பேசலாம், நானும் கேட்கிறேன். கதவு வளைந்திருந்தாலும் ஓட்டாதீர்கள். மேலே உறையும் வேண்டாம், சூட்டுக் காற்று வெளியே போக வழி வேண்டும்.

என் வயது ஆண்களுக்குத் தனியாக ஒன்று. நாம் ரேடியோவையும் மிக்ஸியையும் ஸ்குரூ டிரைவரால் திறந்து பார்த்தே பழகியவர்கள். இதைத் திறக்காதீர்கள். உள்ளே ஒரு டிரான்ஸ்பார்மர் 230 வோல்ட்டை 2000 வோல்ட்டுக்கு ஏற்றுகிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டர் சார்ஜை வைத்துக்கொண்டிருக்கும். 31 வருட சர்வீஸ் உள்ள நானே திறப்பதில்லை. பின்பக்கம் திறக்கும் வேலை மெக்கானிக்குடையது, துடைக்கும் வேலைதான் நம்முடையது. அதை வீட்டுப் பெண்களிடமே தள்ளிவிட்டு நாம் வாட்ஸ்அப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

போன வாரம் கும்பகோணம் போயிருந்தேன். அக்காவின் கை ஆறிவிட்டது, தோல் மட்டும் இன்னும் வெளுத்திருக்கிறது. உறையை எடுத்துவிட்டு எலுமிச்சம்பழ வைத்தியம் செய்தேன். அவள் அடுப்படி வாசலுக்கு வெளியிலேயே நின்று பார்த்தாள்.

"குச்சி போட்டா பொங்காதா?"

"பொங்காதுக்கா."

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமேடா."

பதில் சொல்ல முடியவில்லை. பீங்கான் கப்பில் ரசத்தை ஊற்றி, ஐஸ் குச்சி ஒன்றைக் கழுவி அதில் போட்டு அவளே உள்ளே வைத்தாள். பொத்தானை மட்டும் என்னை அழுத்தச் சொன்னாள். பிள்ளையார் இப்போது பிரிட்ஜ் மேல் இருக்கிறார்.