ஏழாண்டு மண்ணில், ஓராண்டு மரத்தில்

அன்யேஹோ டெக்கீலாவை எடைபோட உட்காருகிறவர் அதே வடிசாலையின் பிளாங்கோவைத்தான் முதலில் ஊற்றிக்கொள்ள வேண்டும். பிளாங்கோ, பெரும்பாலும் பீப்பாயையே காணாத நிறமற்ற டெக்கீலா. வெந்த கற்றாழையின் இனிப்பு, மிளகுக் காரம், பச்சைப் புல் வாசனை, எலுமிச்சைத் தோலின் மெல்லிய கசப்பு எல்லாம் அதில் ஒளிவுமறைவில்லாமல் இருக்கும். அந்தச் சுவை நாக்கில் பதிந்த பிறகு, மரத்தில் முதிர்ந்த அன்யேஹோவுக்கு வந்தால் தேட வேண்டியது ஒன்றுதான்: செடி இன்னும் உள்ளே இருக்கிறதா?

இருந்தே ஆக வேண்டும். மெக்சிகோவின் ஹலிஸ்கோ மாநிலத்தில் நடப்படும் நீல அகாவே, நம் வேலியோரத்து ஆனைக்கற்றாழைக்குச் சொந்தம். அது வெட்டுக்கு வர ஆறேழு ஆண்டு ஆகும். ஹிமாதோர் எனப்படும் தொழிலாளி, கோவா என்ற நீண்ட பிடியுள்ள வட்டக் கத்தியால் மடல்களைச் சீவித் தள்ளி, நடுவிலிருக்கும் பருத்த தண்டை எடுக்கிறார். பழைய முறையை விடாத வடிசாலைகளில் அந்தத் தண்டு செங்கல் அடுப்பறையில் நாள்கணக்கில் ஆவியில் வேகிறது. நசுக்கிப் பிழிந்த சாறு நொதித்தபின் இரண்டு முறை வடிக்கிறார்கள். இத்தனை காலம் மண்ணில் சேர்த்த மணத்தை ஒரு பீப்பாய் விழுங்கிவிட்டால், அது எவ்வளவு வழவழப்பாக இறங்கினாலும் தோற்ற சரக்குதான்.

மெக்சிகோ விதிப்படி, கொஞ்ச காலமே முதிரும் ரெபோசாடோ என்ற வகை குறைந்தது 2 மாதமும் அன்யேஹோ 1 ஆண்டும் ஓக் மரத்தில் இருக்க வேண்டும். எக்ஸ்ட்ரா அன்யேஹோவுக்கு 3 ஆண்டு. 2006இல்தான் இந்த வகை விதிக்குள் வந்தது. பின்னிரண்டுக்கும் பீப்பாய் 600 லிட்டரைத் தாண்டக் கூடாது. பன்னிரண்டு, பதினெட்டு என்று எண்ணிப் பழகிய விஸ்கிப் பிரியர்களுக்கு இது சொற்பமாகத் தெரியும். ஸ்காட்லாந்தின் குளிரில் மரம் மெல்ல வேலை செய்கிறது. ஹலிஸ்கோவின் வெயிலில் வேகமாகச் செய்கிறது, ஆவியாகிப் போவதும் அதிகம். பீப்பாய்கள் பெரும்பாலும் அமெரிக்காவில் பூர்பன் விஸ்கி இருந்தவை. பூர்பனுக்கு ஒவ்வொரு முறையும் உள்ளே கருக்கிய புதுப் பீப்பாய்தான் வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். அங்கே வேலை முடிந்தவை தெற்கே வருகின்றன. வெனிலாவும் காரமெலும் கொண்டுவருவது அந்த மரமே.

நிறத்தை நம்பவே கூடாது. காரமெல் நிறமி, ஓக் சாறு, கிளிசரின், சர்க்கரைப்பாகு ஆகியவற்றை எடையில் 1 சதவீதம்வரை சேர்க்க விதி இடம் தருகிறது. இந்த அளவைத் தாண்டாதவரை லேபிளில் சொல்ல வேண்டியதில்லை. குடிப்பவருக்கு இழைக்கப்படும் அநியாயம் இது. கோப்பையை மூக்கருகே கொண்டுபோகும் முன்பே கேக் கடை வாசனை பாய்ந்து வந்தாலோ, விழுங்கிய பின் உதட்டில் இனிப்புப் பிசுக்கு ஒட்டினாலோ சந்தேகப்படலாம். உள்ளங்கையில் ஒரு சொட்டுத் தேய்த்து, சாராய நெடி பறந்தபின் முகர்ந்து பார்ப்பது நல்ல சோதனை. மிஞ்சுவது கற்றாழையா, வெறும் வெனிலாவா என்று கை காட்டிக்கொடுத்துவிடும்.

ஐஸும் உப்பும் எலுமிச்சையும் இதற்கு ஆகாது. குறுகிய வாயுள்ள கோப்பையில் கொஞ்சம் ஊற்றி, சில நிமிடம் விட்டு, வாயை லேசாகத் திறந்தபடி முகர்ந்தால் நெடி மூக்கைத் தாக்காது. முதல் மிடறு வாயைப் பழக்க மட்டும். இரண்டாவதை நாக்கு முழுக்கப் பரவவிட்டு விழுங்கி, மூக்கால் மூச்சை விட வேண்டும். அப்போது பட்டை, வறுத்த கொட்டை, மரத்தின் துவர்ப்பு எல்லாம் வரலாம். அவற்றுக்கு அடியில் மிளகு சுருக்கென்று தட்டுப்பட வேண்டும்.

புட்டியின் லேபிளிலும் சேதி உண்டு. நூறு சதவீத அகாவே என்று போடாவிட்டால், சர்க்கரையில் 51 சதவீதம் மட்டும் கற்றாழையிலிருந்து வந்திருந்தாலே போதும். நோம் என்ற நான்கு இலக்க எண், வடித்த இடத்தைச் சொல்லும். 1493 என்றால் டெக்கீலா ஊரில் இன்னும் தஹோனா கல்லுருளை ஓட்டி நசுக்கும் ஃபோர்தலேசா. விளம்பரத்தில் தனித்தனிக் குலப்பெருமை பேசும் சில பிராண்டுகள் ஒரே எண்ணைத் தாங்கி நிற்பதும் உண்டு.

இப்போது கிறிஸ்டலினோ விற்பனை சூடு பிடித்திருக்கிறது. முதிர்ந்த டெக்கீலாவைக் கரித்தூளில் வடிகட்டி நிறத்தை நீக்கிய சரக்கு அது. கரி, நிறத்தோடு மணத்திலும் ஒரு பங்கை இழுத்துக்கொள்கிறது. மரத்தில் காத்திருந்த ஆண்டுகளுக்குப் பணம் வாங்கிக்கொண்டு அவற்றின் மணத்தைக் கரியில் விட்டுவிடும் இந்தப் புட்டிக்கு அன்யேஹோவை விடவும் கூடுதல் விலை கேட்பதை ஏற்க முடியவில்லை.