கோட்டோவியமும் ஓவியமே

பென்சிலாலும் கரியாலும் வரைவது ஓவியத்திற்கு முன்வேலை மட்டுமே. வண்ணம் தீட்டிய பின்னரே அது ஓவியமாகும் என்று கூறும் நண்பர்கள் நம் கல்லூரியிலும் உண்டு. நான் இதனை ஒப்புவதில்லை. அமெரிக்க ஓவியர் சார்லஸ் ஒயிட் (1918–1979) வரைந்த பாடகர்களின் படங்களை அச்சில் கண்டவர் எவரும் ஒப்பமாட்டார் என்பது என் துணிபு.

இரண்டாம் உலகப் போருக்குப்பின் அந்நாட்டு ஓவிய உலகில் மனித உருவத்திற்கு மதிப்புக் குறைந்தது. 1947-இல் ஜாக்சன் பொல்லாக் துணியைத் தரையில் விரித்து வண்ணத்தைச் சொட்டவிட்டார். அருவமே புதுமை, முகம் வரைவது பழமை என்ற எண்ணம் பரவிற்று. ஒயிட்டோ முகத்தையே பற்றி நின்றார். அவர் கறுப்பினத்தவர். அவ்வினத்தாரைத் திரைப்படங்கள் பணியாளாகவும் கோமாளியாகவும் காட்டிவந்த நாடு அது. ஒழுங்காக ஒருமுறைகூட வரையப்படாத முகம் அதற்குள் பழமையாகிவிட்டதென்றால் யார் ஏற்பார்?

1955-இல் மஹாலியா ஜாக்சனைக் கரியால் வரைந்தார். 1957-இல் ஹாரி பெலஃபாண்டேயை மையால் வரைந்தார். பாடுகிறவன் வாய் திறந்தால் முகம் கோணும். கேலிச்சித்திரக்காரனுக்கு அதுவே விருந்து. முகத்தில் கரி பூசி ஆடிய வெள்ளைக் கூத்தாடிகள் கறுப்பரின் வாயைத்தானே பெரிதாக்கிச் சிரிப்பு மூட்டினர்! ஒயிட் அஞ்சாமல் அந்தத் திறந்த வாயையே வரைகிறார். ஆனால் நமக்குச் சிரிப்பு வருவதில்லை. நெருக்கமாக இழைத்த கோடுகள் முகத்திற்கு மரச்சிற்பத்தின் கனத்தைத் தருகின்றன. கைகளை எப்போதும் சற்றுப் பெரிதாகவே வரைவார். உழைத்த கைகள் அவை. சில படங்களில் பெருமிதம் மிகுந்து உருவம் விறைத்துப்போவதும் உண்டு. அதை மறைப்பானேன்?

லாரி ரிவர்ஸ் என்பவர் சாக்சபோன் வாசித்துப் பின் ஓவியரானவர். 1950-களில் அவர் பென்சிலால் வரைந்து, பாதியை அழித்து, அழித்த தடத்தையும் படத்திலேயே விட்டுவிடுவார். அழகான படங்கள்தாம். ஆயினும் என் மனம் ஒயிட்டையே நாடுகிறது. ஏற்கெனவே அழிக்கப்பட்ட முகத்தை வரைய வந்தவர் கையில் ரப்பருக்கு என்ன வேலை?

கறுப்பு வெள்ளையில் வரைந்ததற்கு வேறொரு பயனும் இருந்தது. அச்சில் அதன் வலிமை குன்றாது. 1953-இலேயே அவருடைய ஆறு படங்கள் அச்சுத் தொகுப்பாக வெளிவந்தன. காட்சியகத்தின் வாயிலை மிதியாத தொழிலாளியும் சுவரில் மாட்டிக்கொள்ளலாம். நியூயார்க் நவீனக் கலைக் காட்சியகம் அவருடைய வாழ்நாள் படைப்புகளைத் திரட்டிக் காட்டியது 2018-இல்தான். அதற்கு அரை நூற்றாண்டு முன்பே, 1967-இல், அவருடைய கோட்டோவியங்கள் நூலாயின. முன்னுரை எழுதியவர் பெலஃபாண்டே.