மவுஸ் போகும் தூரமும் சைக்கிள் போகும் தூரமும்

கம்ப்யூட்டர் வாங்கி இன்டர்நெட் இணைப்பும் வந்துவிட்டால், பலரும் முதலில் செய்வது கூகுள் எர்த்தில் தங்கள் வீட்டு மொட்டை மாடியைத் தேடுவதுதான். காரைக்குடிக்காரர்களுக்கு இது சுலபம். நடுவில் முற்றம் வைத்து, ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற செட்டிநாட்டு வீடுகள் வானத்திலிருந்து பார்த்தாலே தெரிந்துவிடும். அடுத்தது, எங்காவது பயணத்துக்கு ரூட் போடுவது. சைக்கிள் வைத்திருப்பவராக இருந்தால் மவுஸ் தானாகவே ராமேஸ்வரம் பக்கம் நகரும்!

நல்ல ஆசைதான். இங்கிலாந்தில் முதன்முதலாக சைக்கிள் பயணம் கிளம்புகிறவர்களில் பலர், சைக்கிளைக் கப்பலில் ஏற்றி ஆங்கிலக் கால்வாயைக் கடந்து, பிரான்சில் இரண்டு மூன்று நாள் ஓட்டிவிட்டு வருவார்கள். அந்தக் கால்வாய் மிகக் குறுகிய இடத்திலேயே சுமார் 33 கிலோமீட்டர் அகலம். நமக்குப் பாம்பன் கால்வாய் இருக்கிறது. கப்பல் வேண்டாம், பாஸ்போர்ட் வேண்டாம். 1988இல் திறக்கப்பட்ட சாலைப் பாலத்தில் சுமார் 2.3 கிலோமீட்டர் மிதித்தால் கடலைக் கடந்துவிடலாம். முதல் பயணத்துக்கு இதைவிடப் பொருத்தமான இடம் தமிழ்நாட்டில் எனக்குத் தெரிந்து இல்லை.

சிக்கல் எங்கே என்றால், கம்ப்யூட்டர் திட்டத்தைப் பெரிதாக்கிவிடுகிறது. காரைக்குடியிலிருந்து தேவகோட்டை, தேவிபட்டினம், ராமநாதபுரம் வழியாக ராமேஸ்வரம் சுமார் 140 கிலோமீட்டர். திரையில் அது ஒரு சாண். எக்ஸெல்லில் மணிக்கு 12 கிலோமீட்டர் என்று போட்டு வகுத்தால் பதினொன்றே முக்கால் மணி நேரத்துக்குள் வருகிறது. காலை ஐந்துக்குக் கிளம்பினால் மாலை ஐந்துக்குள் கோயில் வாசல்! கணக்கில் தவறில்லை. ஆனால் எக்ஸெல்லுக்கு வெயில் தெரியாது, எதிர்காற்று தெரியாது, மூன்று மணி நேரத்துக்குப் பிறகு இடுப்பு என்ன சொல்லும் என்பதும் தெரியாது. அந்த வரிசையில் பஞ்சர் ஒட்ட ஒரு மணி நேரம் சேர்த்தாலே கடைசி இருபது கிலோமீட்டர் இருட்டில், லாரிகளும் வேன்களும் போகும் நெடுஞ்சாலையில் போய் விழும். பின்விளக்கு இல்லாத சைக்கிளுக்கு அது விளையாட்டு இல்லை.

என் யோசனை கொஞ்சம் ஏமாற்றமாகவே தோன்றும். திட்டத்தில் பாதிக்கு மேல் வெட்டி எறியுங்கள். முதல் நாள் மாலையே ரயிலில் ராமநாதபுரம் போய்த் தங்குங்கள். மறுநாள் காலை மண்டபம் வரை சுமார் 37 கிலோமீட்டர். அதற்கு மறுநாள் பாலத்தைக் கடந்து ராமேஸ்வரம், இருபது கிலோமீட்டருக்குள். திரும்புவது ரயிலில். சென்னை ரயில்கள் ராமேஸ்வரத்திலிருந்து காரைக்குடி வழியாகவே போகின்றன. சைக்கிளை லக்கேஜாக பதிவு செய்து பிரேக் வேனில் ஏற்றலாம். இரண்டு ஸ்டேஷன்களின் பார்சல் அலுவலகங்களிலும் முன்கூட்டியே விசாரித்து, எந்த ரயில் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இதெல்லாம் ஒரு பயணமா என்று வீட்டில் யாராவது கேட்பார்கள். கேட்கட்டும். திரும்பி வந்து அடுத்த மாதமே இன்னொன்று போகத் தோன்றினால் அதுதான் நல்ல முதல் பயணம்.

மாதத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். பள்ளி விடுமுறை என்பதால் மே மாதத்தில் போடாதீர்கள். கத்திரி வெயிலில் ராமநாதபுரம் சாலையில் நிழல் தேடுவது வீண் வேலை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, புயல் பயம். தனுஷ்கோடியை அழித்த புயல் வந்தது 1964 டிசம்பரில். பொங்கலுக்குப் பிறகு பிப்ரவரி முடிய உள்ள வாரங்கள் நல்லவை. அப்போதும் காற்று பெரும்பாலும் வடகிழக்கிலிருந்து வரும். ராமநாதபுரத்திலிருந்து நீங்கள் போவது கிழக்கே. எனவே காற்று முகத்திலும் இடது தோளிலும் அடிக்கும். 12 என்று போட்ட வேகத்தை 10 ஆக்கிக் கணக்குப் பாருங்கள். 37 கிலோமீட்டருக்கு மூன்றே முக்கால் மணி நேரம், ஓய்வோடு சேர்த்து ஐந்து. வெளிச்சம் வந்ததும் கிளம்பினால் வெயில் ஏறி உச்சிக்கு வருமுன் மண்டபம். காற்று வரைபடம் காட்டும் தளங்களைக் கிளம்பும் நாளுக்கு முந்தைய இரவு பார்த்தால் போதும். பத்து நாள் முன்பே பார்த்து மனதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கம்ப்யூட்டரை எதற்குப் பயன்படுத்துவது? கூகுள் எர்த் ப்ரோவில் 'ஆட் பாத்' கொடுத்து சாலை மேலேயே கிளிக் செய்துகொண்டு போங்கள். பிறகு அந்தப் பாதையை ரைட் கிளிக் செய்து 'ஷோ எலிவேஷன் ப்ரொஃபைல்' கொடுத்தால் ஏற்ற இறக்கம் படமாக வரும். பார்த்தவுடன் பயந்துவிடாதீர்கள். மலைத்தொடர் மாதிரி தெரிவது சில மீட்டர் மேடுதான். இடது ஓரத்தில் உள்ள எண்களைப் படித்தால் புரியும். இந்தப் பாதை முழுவதும் கடற்கரைச் சமவெளி. உண்மையான ஏற்றம் ஒன்றே ஒன்று, பாலத்தின் நடுப்பகுதி. கீழே படகுகள் போவதற்காக அதை உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள்.

அந்த ஏற்றத்தில் இரண்டு பக்கமும் திறந்த கடல். பக்கக்காற்று சைக்கிளைத் தள்ளும், துணிப்பையை ஹேண்டில்பாரில் தொங்கவிட்டிருந்தால் இன்னும் தள்ளும். சுமையைப் பின் கேரியரில் தாழ்வாகக் கட்டுங்கள். பாலத்தின் இணைப்புப் பட்டைகளைக் குறுக்கே நேராகக் கடக்க வேண்டும், சாய்வாகப் போனால் மெல்லிய டயர் சறுக்கும். 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய ரயில் பாலம் பக்கத்திலேயே தெரியும். கப்பலுக்கு வழிவிட நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக மேலே எழும்பும் பாலம் அது. அதைப் பார்க்க வண்டிகள் திடீரென்று நிற்கும். நீங்கள் பார்த்துக்கொண்டே ஓட்டாதீர்கள், கடந்தபின் பாம்பனில் இறங்கி நின்று பாருங்கள்.

செல்போனில் மேப் இருக்கிறதே, பிரிண்ட் அவுட் எதற்கு என்பீர்கள். வெயிலில் போன் திரை தெரியாது, சார்ஜும் வேகமாக இறங்கும். ஒரே ஒரு ஏ4 தாள் போதும். ஊர்ப் பெயர், அங்கே வரை கிலோமீட்டர், சேரும் நேரம், தங்குமிடத்தின் போன் நம்பர். மேப் காட்டும் லாட்ஜ்களை நம்பி மட்டும் போகாமல், போன் செய்து சைக்கிளை உள்ளே வைக்க இடம் உண்டா என்று கேட்டு எழுதுங்கள். அந்தப் பகுதியில் நிலத்தடி நீர் பல இடங்களில் உப்பு. எனவே குடிநீர் நிரப்பும் ஊர்களையும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு காப்பி எடுங்கள். ஒன்று பாலிதீன் கவரில் போட்டு சட்டைப் பையில், மற்றது வீட்டில் மானிட்டர் பக்கத்தில். மதியம் ஆகியும் போன் வரவில்லை என்றால் எங்கே விசாரிப்பது என்று வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரிய வேண்டும் அல்லவா?

கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பு, அதே சுமையைக் கட்டிக்கொண்டு ஒரு ஞாயிறு காலை குன்றக்குடி வழியாகப் பிள்ளையார்பட்டி போய் வாருங்கள். உங்கள் உண்மையான வேகம் அப்போது தெரியும். எக்ஸெல்லில் அந்த எண்ணைப் போடுங்கள், என்னுடைய 10 வேண்டாம்.

திரும்பி வந்தபின் இன்னொரு வேலை. 2004இல் தொடங்கிய ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் யார் வேண்டுமானாலும் இலவசமாகச் சேர்ந்து வரைபடத்தைத் திருத்தலாம். வழியில் பார்த்த குடிநீர்க் குழாயையும் சைக்கிள் கடையையும் அதில் சேர்த்து வையுங்கள். அடுத்து வருபவருக்கு உதவும்.

இதற்குள் ஆசை இன்னும் பெரிதாகியிருந்தால், நாகப்பட்டினத்திலிருந்து யாழ்ப்பாணத்தின் காங்கேசன்துறைக்கு 2024 ஆகஸ்டில் ஓடத் தொடங்கிய பயணிகள் கப்பல் இருக்கிறது. அதன் பெயர் 'சிவகங்கை'! நம் மாவட்டத்தின் பெயர் என்பதற்காக உடனே டிக்கெட் போட்டுவிடாதீர்கள். பாஸ்போர்ட்டும் இலங்கை விசாவும் வேண்டும், கடல் நிலையைப் பொறுத்து பயணங்கள் ரத்தாவதும் உண்டு. சைக்கிளை ஏற்றுவார்களா என்று முதலில் எழுதிக் கேட்டு, பதிலை பிரிண்ட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.