ஆறாவது பல்

நெய்வேலிச் சுரங்கத்தில் வேலை பார்ப்பவர்களுக்குப் பல் தேய்மானம் பற்றி யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. பழுப்பு நிலக்கரியை மூடிக் கிடக்கும் கடலூர் மணற்பாறை அவ்வளவு முரடு. வெடி வைத்துத் தளர்த்திய பிறகும், பக்கெட் வீல் எக்ஸ்கவேட்டரின் இரும்புப் பற்களை அது தின்றுவிடும். அதனால் எந்தப் பல் மழுங்கியது, எது ஆடுகிறது என்று பார்த்துப் பார்த்து, இயந்திரம் நிற்கும் முன்பே மாற்றுகிறார்கள். அந்தத் தொழிலாளியின் வீட்டில் வளரும் ஆறு வயதுக் குழந்தையின் பல்லுக்கு இந்தக் கவனிப்பு கிடையாது. இரவெல்லாம் அழுது, கன்னம் வீங்கிய பிறகுதான் அந்த வாயை யாராவது திறந்து பார்க்கிறார்கள்.

பல் மருத்துவரின் அறை வாசலில் ஒரு காலை நேரம் உட்கார்ந்திருந்தால் போதும். கன்னத்தில் கை வைத்தபடி ஒரு பிள்ளை. ராத்திரி ஷிஃப்ட் முடிந்து நேராக வந்த அப்பா. கிராம்பை வைத்துப் பார்த்தோம், மாத்திரை போட்டோம், கேட்கவில்லை என்கிறார் அம்மா. "பால் பல்தானே டாக்டர், எப்படியும் விழுந்து முளைக்கும்னு விட்டுட்டோம்." மருத்துவர் கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு, அது பால் பல் இல்லை, விழுந்தால் இனி முளைக்காது என்கிறார்.

இந்த ஏமாற்றம் ஏன் இத்தனை வீடுகளில் நடக்கிறது என்பதற்குக் காரணம் உண்டு. நடுப் பல்லில் ஆரம்பித்துப் பின்னோக்கி எண்ணினால், பால் பற்கள் ஒரு பக்கத்துக்கு ஐந்து. குழந்தைக்கு ஆறு வயதாகும்போது, அந்த ஐந்துக்கும் பின்னால் ஆறாவதாக ஒரு கடைவாய்ப்பல் முளைக்கிறது. எந்தப் பல்லும் விழாமல் காலி இடத்தில் வருவதால் பெற்றோருக்குத் தெரிவதே இல்லை. மேலே இரண்டு, கீழே இரண்டு என்று வரும் இந்த நான்கும் நிரந்தரப் பற்கள். வாழ்நாள் முழுக்க மென்று தின்ன வேண்டிய பற்கள். இவற்றின் மேற்பரப்பில் பிரஷ் இழை நுழையாத குறுகிய பள்ளங்கள் இருக்கின்றன. மாலையில் தின்ற பிஸ்கட் அங்கே ஒட்டிக்கொள்கிறது. கிருமிகள் அந்தச் சர்க்கரையை அமிலமாக்குகின்றன. பகலில் உமிழ்நீர் அந்த அமிலத்தை ஓரளவு தணிக்கும். தூக்கத்தில் உமிழ்நீர் வெகுவாகக் குறைந்துவிடும். இனிப்புப் பாலைக் குடித்து அப்படியே தூங்கும் பிள்ளையின் பல்லை அந்த அமிலம் விடியும் வரை அரிக்கிறது. காலையில் மட்டும் பல் விளக்கும் நம் பழக்கம் போதாது என்று சொல்வது இதனால்தான்.

"தாத்தா செங்கல் பொடியிலும் வேப்பங்குச்சியிலும் விளக்கினார், எண்பது வயதில் முறுக்கு கடித்தார்" என்று சொல்லாத குடும்பம் இல்லை. அந்தத் தாத்தாவின் பள்ளிப் பையில் கிரீம் பிஸ்கட் இல்லை, தெருமுனைக் கடையில் பத்து ரூபாய் ஜூஸ் பாக்கெட் தொங்கவில்லை. செங்கல் பொடி அவருடைய எனாமலைத் தேய்க்கத்தான் செய்தது. இன்றைய சாப்பாட்டுக்குப் புளோரைடு கலந்த பேஸ்ட் வேண்டும், இரண்டு வேளை வேண்டும். மூன்று வயதுக்குள் அரிசி மணி அளவு, ஆறு வயது வரை பட்டாணி அளவு. ஏழெட்டு வயது வரை பெரியவர் ஒருவர் கூட நின்று விளக்கிவிட வேண்டும். அப்பா இரண்டாம் ஷிஃப்டில் இருந்தால் அம்மா, அம்மாவுக்கு முடியவில்லை என்றால் பாட்டி.

ஆனால் எல்லாப் பொறுப்பையும் வீட்டின் தலையில் கட்டிவிட்டு ஒதுங்குவது நியாயமாகாது. நெய்வேலி நகரியத்தின் வட்டங்களில் வளரும் பிள்ளைக்கு மருத்துவமனை பக்கத்தில் இருக்கிறது. சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த கிராமத்தில், தினக்கூலிக்குப் போகும் ஒரு தாய்க்குப் பல் மருத்துவரைப் பார்ப்பது என்றால் ஒரு நாள் கூலி போச்சு. வலி தாங்க முடியாமல் போகும்வரை அவர் தள்ளிப்போடத்தான் செய்வார். நாம் இதற்குச் செய்வதெல்லாம் வருடத்துக்கு ஒரு முகாம். பந்தல், பேனர், புகைப்படம், கையில் ஒரு பேஸ்ட் பாக்கெட். மறுநாள் யாரும் எதுவும் கேட்பதில்லை. தினமும் நடக்கும் அரிப்பை வருடத்தில் ஒரு நாள் முகாம் தடுக்காது என்று நேராகச் சொல்லும் காலம் வந்துவிட்டது.

ஸ்காட்லாந்து வேறு வழி போனது. மழலையர் பள்ளிகளில் பிள்ளைகளைத் தினமும் வரிசையாக உட்காரவைத்து, ஆசிரியர் முன்னால் பல் விளக்க வைத்தார்கள். அங்கே பள்ளியில் சேரும் ஐந்து வயதுக் குழந்தைகளில், கண்ணுக்குத் தெரியும் சொத்தை இல்லாதவர்கள் 2003இல் நூற்றுக்கு 45 பேர். 2018இல் 71 பேர். இதற்குப் பெரிய கருவி எதுவும் தேவைப்படவில்லை. பிரஷ், பேஸ்ட், கூட நிற்கும் ஒரு பெரியவர்.

நமக்கு அதற்கான ஏற்பாடு பாதி தயாராகவே இருக்கிறது. 2022இல் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தால், அரசுப் பள்ளிகளில் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை பிள்ளைகள் காலையில் ஒன்றாகச் சாப்பிடுகிறார்கள். தட்டு கழுவக் குழாய் இருக்கிறது, மேற்பார்வைக்கு ஆளும் இருக்கிறார்கள். சாப்பிட்ட பிறகு ஐந்து நிமிடம் பல் விளக்குவதைப் பள்ளியின் அன்றாட வேலையாக்க வேண்டும். நெய்வேலியைச் சுற்றியுள்ள ஊராட்சி ஒன்றியப் பள்ளிகளில் இதை முதலில் தொடங்கலாம். சுரங்கத்தை நடத்தும் என்எல்சி நிறுவனம் தன் பள்ளிகளில் யாருடைய உத்தரவுக்கும் காத்திராமல் நாளையே தொடங்கலாம்.

இரண்டாவது வேலை அந்த ஆறாவது பல். அதன் பள்ளங்களில் பிசின் போன்ற பூச்சைத் தடவி, ஒளி காட்டி இறுக வைத்துவிட்டால் சர்க்கரை உள்ளே தங்க இடமில்லை. சீலன்ட் என்கிறார்கள். ஊசி இல்லை, துளைப்பது இல்லை, பிள்ளை அழுவதும் இல்லை. லாபம் ஈட்டும் பெரிய நிறுவனங்கள் மூன்றாண்டு சராசரி லாபத்தில் இரண்டு விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்று 2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டம் சொல்கிறது. என்எல்சியின் அந்தப் பங்கில் ஒரு சிறு பகுதி போதும், சுரங்கக் கிராமங்களின் ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்கும் இதைச் செய்துவிடலாம். சிதம்பரத்தில் இருக்கும் அரசு பல் மருத்துவக் கல்லூரியிலிருந்து பயிற்சி மருத்துவர்களை அனுப்பலாம். அவர்களுக்கும் அது படிப்புதான்.

மாவட்ட நிர்வாகமும் என்எல்சியும் கல்லூரியும் ஒரு மேசையில் உட்கார்ந்து, அடுத்த கல்வியாண்டு தொடங்கும் ஜூன் மாதத்துக்குள் எந்தப் பள்ளிக்கு யார் போவது என்று பட்டியல் போட வேண்டும். பட்டியலில் கிராமப் பள்ளிகள் முதலில் வரட்டும். அதுவரை, வீட்டில் ஆறு வயதுப் பிள்ளை இருப்பவர்கள் இன்று ராத்திரி படுக்கும் முன் செல்போன் விளக்கைப் பிடித்து, நடுப் பல்லிலிருந்து பின்னோக்கி எண்ணிப் பாருங்கள்.